பியானோ ஆசிரியர் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

கேள்வி சுருக்கமாக இது: “பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டு எட்டு வருடமாக வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். இருபது மாணவர்கள். கொஞ்ச நாளாக ஓரிடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரியான இடங்களில் தடுமாறுகிறார்கள். பயிலரங்குகளுக்குப் போவதா, டிப்ளமா எழுதுவதா, இணைய வகுப்பில் சேர்வதா? நேரமும் பணமும் அளவோடுதான் இருக்கிறது.”

பதிலில் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இருபது பிள்ளைகளுக்கு இருபது விதமான கை, இருபது விதமான காது, இருபது விதமான பொறுமை. ஆனாலும் எல்லாரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள் என்றால் அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருப்பவர் யார் என்று பாருங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே கணக்கு எனக்குப் புரிய உங்களைவிட அதிக வருடம் ஆனது.

முதல் பத்து வருடம் நான் நல்ல ஆசிரியர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தேர்வில் தேறினார்கள், பெற்றோர் நன்றி சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு பயிலரங்குக்குப் போய், குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு வருவேன். அடுத்த வாரம் வகுப்பில் பழையபடிதான் நடத்துவேன். குறிப்பேட்டைத் திரும்பத் திறந்த நினைவே இல்லை. ஒருநாள் வேறு காரணத்துக்காக, ஒரு மாணவியின் கையை அவளுக்கே காட்டலாம் என்று, போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் பாடத்தைப் பதிவு செய்தேன். இரவு அதைப் பார்த்தபோது அவள் கையைப் பார்க்கவே முடியவில்லை. என்னைத்தான் பார்த்தேன்.

ஒன்பது வயதுப் பெண், ஒரு சின்ன சொனாட்டினா. நான்கு பார் (தாளில் குறுக்குக் கோடு போட்டுப் பிரித்த சின்னக் கட்டங்கள்) வாசிக்கிறாள். மூன்றாவது பாரில் இடது கை தடுமாறுகிறது. உடனே என் குரல்: “நில்லு, நில்லு. இங்க ஃபிங்கரிங் பார்த்தியா? அஞ்சாம் விரல்தானே? மணிக்கட்டு வேற கீழ இறங்குது. அப்புறம் இந்த இடத்துல சத்தம் குறையணும்னு போட்டிருக்கு பாரு. சரி, முதல்லேர்ந்து வாசி.” ஒரே மூச்சில் மூன்று திருத்தம். அவள் தலையை ஆட்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கிறாள். ஏற்கெனவே சரியாக வந்த இரண்டு பார் மறுபடி சரியாக வருகின்றன. மூன்றாவது பாரில் அதே தடுமாற்றம். நான் மறுபடி “நில்லு” என்கிறேன். இப்படி ஐந்து முறை. முப்பது நிமிடப் பாடத்தில் அவள் விரல் பியானோ கட்டையில் (கீயில்) இருந்த நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கூட்டினேன்: பதின்மூன்று நிமிடம். மீதி முழுக்க நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அதைவிட வலித்தது இன்னொன்று. விரல் தவறியதும், கை நிற்பதற்கு முன்பே, அவள் கண் என் பக்கம் திரும்புகிறது. தன் காதால் கேட்டு “இது தப்பு” என்று முடிவு செய்வதில்லை. என் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறாள். மூன்று வருடம் சொல்லிக்கொடுத்து அவளுடைய காதை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என் முகம் இல்லை. அப்புறம் பயிற்சி எப்படி நடக்கும்?

அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை செலவில்லாதது. மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுங்கள்: நன்றாக வாசிப்பவர் ஒருவர், நடுத்தரம் ஒருவர், யாருக்குப் பாடம் எடுப்பது உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறதோ அவர் ஒருவர். பெற்றோரிடம் அனுமதி கேட்டு (இதில் சமாதானமே வேண்டாம், கேட்காமல் குழந்தையைப் படம்பிடிக்கக் கூடாது, பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும்) ஒவ்வொருவரின் ஒரு பாடத்தைப் பதிவு செய்யுங்கள். போனைப் பியானோவின் பக்கவாட்டில், பிள்ளையின் கையும் உங்கள் நாற்காலியும் சேர்ந்து தெரியும்படி வையுங்கள். உங்களை விட்டுவிட்டு மாணவரை மட்டும் எடுத்தால் பிரயோசனம் இல்லை.

பார்க்கும்போது மூன்று தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. அப்போது உடம்புகள் மட்டும் தெரியும்: பிள்ளையின் தோள் எப்போது காதுவரை ஏறுகிறது, கால் தரையைத் தொடாமல் தொங்குகிறதா, நீங்கள் எத்தனை முறை அவர்கள் கையைப் பிடித்து நகர்த்துகிறீர்கள். இரண்டாம் தடவை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும். உங்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் எது என்று அப்போது பிடிபடும். எனக்கு அது “குட்” என்பது. சரியாக வாசித்தாலும் குட், தப்பாக வாசித்தாலும் குட், அடுத்த வாக்கியத்தைத் தொடங்க வாய் திறக்கும்போதும் குட். அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போயிருந்தது. மூன்றாம் தடவை கையில் கடிகாரம். முதல் சுவரம் ஒலிக்க எத்தனை நிமிடம் ஆகிறது, பிள்ளை தடையில்லாமல் வாசித்த நீளமான பகுதி எத்தனை விநாடி, ஒருமுறை நிறுத்தினால் எத்தனை திருத்தம் சொல்கிறீர்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பார்க்கும்போது நம் குரலே நமக்குச் சகிக்காது. அதைத் தாண்டிவிட்டால் பழகிவிடும்.

இதற்கும் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ராபர்ட் டியூக் என்று டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், சக ஆய்வாளர்கள் இருவருடன் சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி அளவில் பியானோ படிக்கும் 17 பேரிடம் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து சில பார்களைக் கொடுத்து, வேண்டிய மட்டும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மறுநாள் வந்து வாசித்துக் காட்ட வேண்டும். மறுநாள் சிறப்பாக வாசித்தவர்கள் அதிக நேரம் உட்கார்ந்தவர்கள் இல்லை. அதிக முறை திருப்பி வாசித்தவர்களும் இல்லை. தவறு செய்யாதவர்களும் இல்லை, ஆரம்பத்தில் எல்லாரும்தான் தவறினார்கள். முன்னணியில் நின்றவர்களிடம் இருந்த வித்தியாசம், தவறு வந்ததும் அது எங்கே, எதனால் என்று பிடித்து, வேகத்தைக் குறைத்தோ துண்டாக்கியோ அங்கேயே சரிசெய்ததுதான். அதனால் அதே தவறு அவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரவில்லை.

அதாவது, பயிற்சி என்பதே தவறைத் தானாகக் கேட்டுப் பிடிக்கிற வேலை. அந்த வேலையைத்தான் நான் என் மாணவிக்குப் பதிலாக வாரா வாரம் செய்துகொண்டிருந்தேன். எனக்கு நல்ல பயிற்சி கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை.

மாற்றம் சின்னதுதான், ஆனால் வாயைக் கட்டுவது கஷ்டம். இப்போது பிள்ளை நின்றதும் நான் மனதுக்குள் ஐந்து எண்ணுகிறேன். பெரும்பாலும் மூன்றுக்குள் பிள்ளையே ஏதாவது சொல்லிவிடும். சொல்லவில்லை என்றால் “என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்பேன். முதல் சில வாரம் “தெரியல” என்றுதான் பதில் வந்தது. அப்புறம் ஒருநாள் அந்தப் பெண்ணே “நாலாம் விரல் போயிடுச்சு, அதான் அடுத்ததுக்கு விரல் இல்ல” என்றாள். அவள் சொன்னது நான் சொல்லியிருக்கக்கூடியதைவிடத் துல்லியம். நான் ‘அஞ்சாம் விரல்’ என்று விளைவைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் அதற்கு முந்தைய சுவரத்தில் இருந்த காரணத்தைச் சொன்னாள். பாடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இப்போது இதற்கென்றே வைத்திருக்கிறேன்: “வீட்ல எப்படிப் பண்ணுவியோ அப்படிப் பண்ணு, நான் பேச மாட்டேன்.” அந்தப் பத்து நிமிடத்தில் தெரியவருவது எந்தப் பயிற்சி டைரியிலும் எழுதி வராது. தினமும் அரை மணி நேரம் பயிற்சி செய்வதாகச் சொன்ன பையன், தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழு வேகத்தில் ஓட்டி, விழுந்த இடத்தில் மறுபடி அடித்து, மேலே போய்க்கொண்டே இருந்தான். அவனைப் பொறுத்தவரை அதுதான் பயிற்சி. நான் வேறு எதையும் அவனுக்குக் காட்டியதில்லையே.

சரி, வெளியிலிருந்து கற்றுக்கொள்வதற்கு வருவோம். டால்க்ரோஸ், கொடாய், ஓர்ஃப், சுசுகி என்று முறைகளின் பெயர்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும்; ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வகுப்பு உண்டு, சான்றிதழ் உண்டு, தீவிரமான பக்தர்களும் உண்டு. எதில் சேர்வது என்று குழம்புவதற்கு முன், இவை எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். எமில் ஜாக்-டால்க்ரோஸ் 1892 முதல் ஜெனிவா கன்சர்வேட்டரியில் ஹார்மனி கற்பித்தவர். அவருடைய மாணவர்கள் தாளில் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுவரக் கூட்டங்களை) பிழையில்லாமல் எழுதினார்கள். எழுதியது எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் தெரியவில்லை. காலைத் தட்டித் தாளம் போடும்போது மட்டும் அவர்களுக்குள் ஏதோ உயிர் வருவதைக் கவனித்தார். அங்கிருந்துதான் உடம்பை அசைத்து இசையைப் படிக்கும் அவருடைய முறை வளர்ந்தது. ஷினிச்சி சுசுகி, எந்தக் குழந்தையும் தாய்மொழியைத் தடுமாறாமல் பேசிவிடுகிறதே, வயலின் மட்டும் ஏன் சிலருக்கே வருகிறது என்று யோசித்தார். கொடாய் வழியில் ‘டோ ரே மி’க்குக் காட்டும் கைச்சைகைகளும் அவர் கண்டுபிடித்தவை இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வன் பாடவைக்கப் பயன்படுத்தியவை. பிள்ளைகளுக்கு உதவுகிறது என்று தெரிந்ததும் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் செய்தது ஒன்றே: தன் முன்னால் தடுமாறுகிற மாணவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே ஒரு முறையில் சேர்வதென்றால், உங்கள் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் எது என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு சேருங்கள். தாளம் நிற்கவில்லை என்றால் டால்க்ரோஸ் வகுப்பு மூன்று நாள் போனாலே கைநிறையக் கொண்டுவரலாம். பார்த்து வாசிப்பார்கள், ஆனால் ஒலிக்கும் முன் மனதுக்குள் கேட்காது என்றால் கொடாய் வழியில் பாடவைப்பது பலன் தரும். எட்வின் கார்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அந்த ‘மனதுக்குள் கேட்பதை’ மையமாக வைத்தே ஒரு கோட்பாடு கட்டினார். எழுத்து கொஞ்சம் வறட்சிதான், ஆனாலும் ஒருமுறை மல்லுக்கட்டிப் பார்க்கலாம். எந்த முறையையும் முழுசாக மதம் மாறி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கட்சி. முறையின் ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது.

உங்களைப் போல வீட்டில் தனியாகக் கற்பிப்பவர்கள் அனேகமாகத் தொடாமல் விடும் இடம் ஒன்று உண்டு: நம் வாத்தியத்தின் உள்பக்கம். பியானோவின் மேல்மூடியைத் திறந்து, ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்தி, சுத்தியலைப் பாருங்கள். சுத்தியல் கம்பியை நெருங்கி, தொடுவதற்குச் சற்று முன்பாகப் பிடி விட்டுப் பின்னால் விழுந்துவிடும். சத்தமே வராது. சுத்தியலைக் கடைசிச் சில மில்லிமீட்டருக்குச் சுதந்திரமாகப் பறக்க விடுகிற அமைப்பு அது. 1700 வாக்கில் கிறிஸ்டோஃபோரி செய்த முதல் பியானோக்களிலேயே இருந்தது. கட்டை இறங்கும் ஆழம் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர். சுத்தியல் விடுபட்ட பிறகு கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் எதுவும் மாறாது. சுத்தியல் எந்த வேகத்தில் புறப்பட்டது என்பதுதான் சத்தத்தின் அளவு.

இது வெறும் எந்திரவியல் இல்லை. “நன்றாக அழுத்து, உணர்ச்சியோடு அழுத்து” என்று நாம் சொல்வதைக் கேட்டுப் பிள்ளை கட்டையின் அடிமட்டத்தில் உட்கார்ந்து முழங்கைவரை இறுக்கிக்கொள்கிறதே, அந்த உழைப்பு முழுதும் வீண் என்று அப்போது புரியும். என் மாணவர்கள் எல்லாரையும் ஒருநாள் மூடியைத் திறந்து வைத்து இதைப் பார்க்கச் செய்வேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் பத்து நிமிடம் அசையாமல் பார்த்துவிட்டு, “அப்போ நான் தள்ளுறேன், அது பறக்குது” என்றான். அன்றிலிருந்து அவன் மணிக்கட்டைப் பற்றி நான் பேச வேண்டி வரவில்லை. உச்சத்தில் இருக்கும் ஒன்றரை ஆக்டேவ் சுவரங்களுக்கு, கம்பியின் ஒலியை அடக்கும் டாம்பரே கிடையாது என்பதும் அங்கேயே கண்ணில் படும்; பெடல் எடுத்த பிறகும் அவை ஏன் ஒலித்துக்கொண்டிருக்கின்றன என்ற கேள்விக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கையைப் பற்றியும் இதே மாதிரி நாம் யோசிக்காமல் வழிவழியாக எடுத்துக்கொண்டவை பல. சி மேஜரைத்தான் முதல் ஸ்கேலாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ஏன்? தாளில் ஷார்ப்பும் ஃபிளாட்டும் இல்லை, பார்க்க எளிது. ஆனால் இசையமைப்பாளர் ஷோபின் தன் மாணவர்களுக்கு முதலில் கொடுத்தது பி மேஜர். நீளமான நடுவிரல்கள் கறுப்புக் கட்டைகளின் மேலும், குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டையிலும் இயல்பாக அமர்கின்றன என்பதால். சி மேஜர் வாசிக்கக் கடினமானது என்பது அவர் கருத்து. இன்றைக்கு உங்கள் வலது கையில் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்து கட்டைகளில் ஐந்து விரலையும் வைத்துப் பாருங்கள். கை தானாக வளைந்து நிற்கும். “பந்து பிடிக்கிற மாதிரி வை” என்று கெஞ்ச வேண்டாம். ஃபிங்கரிங்கும் கல்வெட்டு கிடையாது. பாக்கின் மகன் சி.பி.ஈ. பாக் 1753இல் எழுதிய கற்பித்தல் நூலில், தன் தந்தை சிறுவயதில் கேட்ட பெரிய கலைஞர்கள்கூடப் பெருவிரலைக் கையை அகலமாக விரிக்க வேண்டியபோது மட்டுமே பயன்படுத்தினார்கள் என்று சொல்கிறார். இன்று பெருவிரலை உள்ளே மடக்காமல் ஒரு ஸ்கேல்கூட இல்லை.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. வலித்தால் நிறுத்த வேண்டும், மாணவரானாலும் நீங்களானாலும். இசையமைப்பாளர் ஷூமன் இளம் வயதிலேயே வலது கையைக் கெடுத்துக்கொண்டு வாசிப்பை விட்டவர். என்ன காரணம் என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது. உடம்பு சார்ந்த பயிற்சி வகுப்பு ஏதாவது கிடைத்தால், டாரத்தி டாப்மன் வழியோ அலெக்சாண்டர் டெக்னிக்கோ, உங்கள் சொந்த முதுகுக்காகவாவது போய் வாருங்கள். நாள் முழுக்கப் பக்கத்து நாற்காலியில் ஒரு பக்கமாகத் திரும்பி உட்காரும் தொழில் இது.

அடுத்தது, மறுபடி மாணவராக ஆவது. எட்டாம் கிரேடு முடித்த கை, முதல் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையின் கஷ்டத்தை முழுக்க மறந்துவிட்டிருக்கும். வேறு வாத்தியம் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டால் உத்தமம். நேரமில்லை என்றால் மலிவான வழி சொல்கிறேன்: ஆல்ட்டோ கிளெஃபில் (பியானோ தாள்களில் வராத குறியீட்டு முறை) எழுதிய வயோலா பகுதி ஏதாவது எடுத்து வைத்துக்கொண்டு பியானோவில் வாசியுங்கள். அதில் நடுக் கோட்டில் இருப்பதுதான் மிடில் சி. முதல் வரியிலேயே வியர்க்கும். ஒவ்வொரு சுவரத்துக்கும் கோட்டை எண்ணுவீர்கள், தாளம் போய்விடும், யாராவது பக்கத்தில் நின்று “மணிக்கட்டு” என்று சொன்னால் அடிக்கத் தோன்றும். அதுதான் உங்கள் எட்டு வயது மாணவருக்கு வாரா வாரம் நடப்பது. நான் இதைச் செய்த வாரத்தில் என் வகுப்புகளில் குரல் தணிந்திருந்தது என்று வீட்டிலேயே சொன்னார்கள்.

தாளில்லாமல் வாசிப்பதும் இதில் சேர்த்தி. நம்மில் பலர் எதிரில் தாள் இல்லாவிட்டால் பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூடக் கை வைக்கத் தயங்குவோம். ஒரு மெட்டைக் காதால் பிடித்து, மூன்று கார்டு வைத்து, இரண்டு ஸ்கேலில் மாற்றி வாசிக்கத் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நமக்கு வராததை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை; சொல்லிக்கொடுக்காததை ‘இந்தப் பிள்ளைக்குக் காது இல்லை’ என்று பெயர் சூட்டி விட்டுவிடுகிறோம்.

வாசிக்கப் புதுப் பீஸ்களை (இசைத் துண்டுகளை) தேடுவதையும் விட்டுவிடாதீர்கள். எட்டு வருடம் ஒரே புத்தக வரிசை என்றால் உங்களுக்கே காது மரத்துப்போயிருக்கும். பார்ட்டோக்கின் ‘மிக்ரோகாஸ்மாஸ்’ தொகுப்பில் 153 துண்டுகள் இருக்கின்றன. முதல் இரண்டு தொகுதிகளைத் தன் மகன் பீட்டருக்கு அர்ப்பணித்தார். காபலெவ்ஸ்கியின் ஓபஸ் (படைப்பு எண்) 39இல் 24 சின்னஞ்சிறு பீஸ்கள், ஒவ்வொன்றும் அரைப் பக்கம், ஒரு பக்கம்தான். வாரத்துக்கு நான்கைந்தை நீங்களே சைட் ரீடிங் செய்து (முன்பயிற்சி இல்லாமல் தாளைப் பார்த்து வாசித்து), ‘இது எந்தச் சிக்கலுக்கு மருந்து’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரு வருடத்தில் யாரும் விற்காத ஒரு கையேடு உங்களிடம் இருக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட பயிலரங்கு. பெரிய கலைஞர்கள் நடத்தும் மாஸ்டர்கிளாஸ் பார்க்கச் சுகமாக இருக்கும். பியானோ மேதை லிஸ்ட் ஜெர்மனியின் வைமாரில் மாணவர்களைச் சுற்றி உட்காரவைத்துக் கற்பித்த காலத்திலிருந்து அதற்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் அங்கே வாசிப்பவர் ஏற்கெனவே நன்றாக வாசிப்பவர், கற்பிப்பவர் அவரை மறுபடி பார்க்கப்போவதில்லை. வாரா வாரம், வருடக்கணக்காக, பயிற்சி செய்யாமல் வரும் பிள்ளையோடு குடித்தனம் நடத்தும் நமக்கு அதில் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம்தான் இருக்கும். பியானோ ஆசிரியர் லெஷெட்டிஸ்கியின் ஏற்பாடு இன்னும் பொருத்தம். செர்னியிடம் படித்தவர், பதெரெவ்ஸ்கி, ஷ்னாபெல் என்ற பெரிய பியானோ கலைஞர்களை உருவாக்கியவர். தனக்கென்று ஒரு முறையே இல்லை என்பார். ஆனால் வியன்னாவில் புதன்கிழமைகளில் மாணவர்கள் ஒருவர் முன் ஒருவர் வாசிக்கும் வகுப்பு வைத்திருந்தார். புதிதாக வருபவர்களை முதலில் உதவியாசிரியர்களிடம் அனுப்பித் தயார்செய்தார். அந்த உதவியாசிரியர்களுக்கு அதைவிடச் சிறந்த ஆசிரியர் பயிற்சி இருந்திருக்குமா?

உங்களால் செய்யக்கூடிய வடிவம்: தெரிந்த இன்னொரு பியானோ ஆசிரியரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு பாடம் அவர் உங்களுடையதைப் பார்ப்பார், ஒன்று நீங்கள் அவருடையதை. விதி ஒன்றே ஒன்று: பார்த்தவர் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது. “நீங்க அவசரப்படறீங்க” என்பது தீர்ப்பு. “அவன் வாசிச்சு முடிச்சதும் ஒரு விநாடிக்குள்ள பேச ஆரம்பிச்சீங்க, ஏழு தடவை” என்பது கண்டது. முதலாவதைக் கேட்டால் சண்டை வரும், இரண்டாவதைக் கேட்டால் தூக்கம் போகும். என் அனுபவத்தில் ஐந்து பயிலரங்குக்கு இது ஒன்று சமம். பயிலரங்குக்குப் போவதானால், உண்மையான பிள்ளைக்கு உண்மையான பாடம் நடத்திக் காட்டுகிறார்களா, அல்லது திரையில் படம் ஓட்டிப் பேசிவிட்டு ஒரு பதிப்பகத்தின் புதுப் புத்தகத்தை விற்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை முழுநாள் போய் உட்கார்ந்துவிட்டுக் கையில் விலைப்பட்டியலோடு திரும்பினேன்.

ஆசிரியர் சங்கங்கள் உண்டு. அமெரிக்காவில் இசை ஆசிரியர்களின் தேசிய சங்கம் 1876இலேயே தியடோர் பிரெஸ்ஸர் தொடங்கியது. ஐரோப்பியப் பியானோ ஆசிரியர் சங்கத்தை 1978இல் கரோலா கிரிண்டியா ஆரம்பித்தார். இசைக்கல்விக்கான சர்வதேசச் சங்கம் யுனெஸ்கோ ஆதரவில் 1953இல் பிறந்தது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்துகிறது. தனியாக வீட்டில் உட்கார்ந்து கற்பிப்பவருக்குச் சங்கத்தால் கிடைக்கும் முதல் லாபம், நம் சிக்கல் நமக்கு மட்டும் உரியது இல்லை என்று தெரிவது. கட்டணம் எப்படி வாங்குவது, பாடத்துக்கு வராதவர்களுக்கு என்ன விதி என்பதெல்லாம் அங்கே அரட்டையிலேயே கிடைத்துவிடும். அதற்குத் தனி வகுப்பு வேண்டாம். ஆனால் ஆட்டிசம், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றிய வகுப்பு கண்ணில் பட்டால் மறுயோசனை இல்லாமல் சேருங்கள். அங்கே சொல்லித்தரும் உத்திகள், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, கண்ணால் பார்க்கும்படி வரிசை, முன்கூட்டியே சொல்லிவிடுவது, எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்.

இணைய வகுப்பில் கற்கலாம், தாராளமாக. கோட்பாடு, வரலாறு, பீஸ் அறிமுகம் எல்லாம் அதில் நன்றாகவே வரும். தொடுகையும் ஒலியின் நயமும் அதில் பாதிதான் வரும். ஒலி தாமதமாக வந்து சேர்வதால் சேர்ந்து வாசிப்பதும் முடியாது. பணம் கட்டுமுன், உங்கள் பாட வீடியோவை யாராவது பார்த்துக் கருத்துச் சொல்வார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது நல்ல புத்தகம் ஒன்றுக்குச் சமம், புத்தக விலைதான் கொடுக்க வேண்டும்.

டிப்ளமா பற்றி. கிரேடு தேர்வு உங்கள் வாசிப்புக்கான சான்று. 1889இல் தொடங்கி, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தேர்வு நடத்திவரும் ராயல் ஸ்கூல்ஸ் வாரியமானாலும் டிரினிட்டியானாலும், எட்டாம் கிரேடுக்கு மேலே போகும்போது வாசிப்புக்கான பாதை வேறு, கற்பித்தலுக்கான பாதை வேறு. அறிவிப்பில் ‘டிப்ளமா’ என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். பாடத்திட்டத்தை இறக்கிப் படித்து, அதில் நீங்கள் பாடம் நடத்துவதை யாராவது பார்க்கிறார்களா என்று தேடுங்கள். வாசிப்பு டிப்ளமா எழுதுவதில் தப்பில்லை, கை துருப்பிடிக்காமல் இருக்கும், மேடை பயம் என்றால் என்ன என்று நினைவுக்கு வரும். ஆனால் உங்கள் பிள்ளைகள் மூன்றாவது பாரில் தடுமாறுவதற்கு அது மருந்தாகாது. கற்பித்தல் டிப்ளமா என்றால் அடுத்த வருடத்துக்கு வையுங்கள். இந்த வருடம் அந்த மூன்று மாணவர்களின் வீடியோ, சக ஆசிரியரோடு மாதம் ஒரு பாடம், சிக்கல் எதுவென்று தெரிந்த பிறகு அதற்கேற்ற ஒரு வகுப்பு. கடிகாரம் வைத்து எழுதிய அந்தக் கணக்குத் தாளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். கற்பித்தல் தேர்வில் ‘உங்கள் பாடத்தை நீங்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் எண்களே இருக்கும்.